கேட்டுவிட்டுக் கீறியவர்

கண்டியின் மினெட் டி சில்வா, இலங்கையின் முதல் பெண் கட்டிடக்கலைஞர். குடியிருக்கப் போகிறவர்களோடு பேசி முடித்த பிறகே அவர் பென்சிலை எடுப்பார். தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போய்த் தனிவீடுகள் வரத் தொடங்கியிருக்கும் இந்த நாட்களில், மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டையிலிருந்து அவருடைய வாழ்க்கையைப் பார்க்கிறோம்.

1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. இந்த நாட்டில் யார் யாருக்கு வாக்குரிமை கொடுக்கலாம் என்று விசாரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்பதற்காகவே அப்போது பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பிறந்தது. அதன் செயலாளரான அக்னஸ் டி சில்வா ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தபோது, டொனமூர் பிரபு இடக்காக ஒரு கேள்வி போட்டார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்றார். அக்னஸ் தயங்கவில்லை. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்று பதில் சொன்னார்.

இரத்தோட்டையிலும் கம்மடுவையிலும் கைகாவலையிலும் கொழுந்தும் ஏலக்காயும் எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்காக, அவர்கள் யாரும் இல்லாத ஒரு சபையில் கண்டிப் பெண்ணொருத்தி பேசினார். அந்தப் பெண்ணுக்கு அப்போது பத்து வயதை எட்டிக்கொண்டிருந்த மகள் ஒருத்தி இருந்தாள். 1918 பெப்ரவரி 1ஆம் திகதி கண்டியில் பிறந்த அந்த மகள்தான் மினெட். தாய் வாக்குரிமையில் பிடித்த நியாயத்தை மகள் வீடு கட்டுவதில் பிடித்தார். ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் விஷயத்தில் அவரையே கேட்கவேண்டும் என்பதுதான் அந்த நியாயம்.

ஒரு வீடு, பல கொள்கைகள்

மினெட்டின் தொழிலை அவருடைய குடும்பத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. தகப்பன் ஜோர்ஜ் ஈ. டி சில்வா, சிங்கள பௌத்தர். கண்டியில் பேரெடுத்த வழக்கறிஞர். இலங்கை தேசிய காங்கிரஸின் தலைவராக இருந்தவர். அரசாங்க சபைக் காலத்தில் சுகாதார அமைச்சர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையிலும் இடம்பெற்றவர். தாய் அக்னஸ், நெல் என்ற பறங்கியர் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். சாதி, சமயம், இனம் எல்லாம் பார்த்தே சம்பந்தம் பேசிய காலத்தில் நடந்த கலப்புத் திருமணம் அது.

அந்த வீட்டில் அரசியலும் கலையும் ஒரே மேசையில் சாப்பிட்டன. அக்காள் அனில், பிற்காலத்தில் கலை வரலாற்று எழுத்தாளர். அண்ணன் பிரெட்ரிக் சட்டமும் அரசியலும் என்று தகப்பனின் வழியில் போனார். கண்டி நாட்டுக் கைவினைகளில் தாய்க்கு இருந்த ஈடுபாடு மினெட்டுக்குச் சிறு வயதிலேயே தொற்றிக்கொண்டது. நெசவாளரையும் அரக்கு வேலைக்காரரையும் பொருட்காட்சிச் சாலையின் ஆட்களாக அல்லாமல், தெரிந்த மனிதர்களாகவே பார்த்து வளர்ந்தவர் அவர்.

கட்டிடக்கலை படிக்கவேண்டும் என்று அவர் சொன்னபோது, வீட்டில் உடனே தலையாட்டிவிடவில்லை. அதைக் கற்க அன்று இலங்கையில் வசதியும் இல்லை, பம்பாய்க்குத்தான் போகவேண்டும். இத்தனை முற்போக்கான குடும்பத்திலும் தகப்பனையும் தாய்மாமன் அன்ட்ரியாஸ் நெல்லையும் இணங்கவைக்க மினெட் பாடுபட வேண்டியிருந்தது. ஊருக்குப் புதுமை பேசுகிறவர்களும் சொந்த மகள் என்று வரும்போது கொஞ்சம் நின்று யோசிப்பது அன்றும் இருந்தது.

பம்பாயில் கிடைத்த பாடம்

பம்பாயில் மிஸ்திரி அன்ட் பேட்வார் என்ற நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் கட்டிடக்கலைஞர்களுள் ஒருவரான பெரின் மிஸ்திரி அங்கே அவருக்குத் தோழியானார். பிறகு சர் ஜே. ஜே. கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே அதிக காலம் படிக்க முடியவில்லை. 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் கிளம்பி, காந்தி சிறைப்பட்டபோது, மாணவர்களின் எதிர்ப்பில் மினெட்டும் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் தொடர்ந்து படிக்கலாம் என்ற நிலை. எழுத மறுத்தார், படிப்புப் போயிற்று.

போன படிப்பு வேறு வழியில் திரும்பக் கிடைத்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து மைசூர் அரசில் கட்டிடக்கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது கோனிக்ஸ்பெர்கரின் மேசையில் இருந்தது, டாட்டா இரும்பாலை நகரமான ஜாம்ஷெட்பூருக்கான திட்டம். ஒரு ஆலையை நம்பி வாழும் தொழிலாளர்களுக்கு எப்படி நகரம் அமைப்பது என்ற கேள்வியை இளம் வயதிலேயே கிட்ட நின்று பார்க்கும் வாய்ப்பு மினெட்டுக்கு அங்கே கிடைத்தது.

பம்பாயில் எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்தோடும் அக்காள் அனிலோடும் சேர்ந்து 'மார்க்' என்ற கலைச் சஞ்சிகையைத் தொடங்கிய குழுவில் அவரும் ஒருவர். 1946இல் வெளிவரத் தொடங்கிய அந்தச் சஞ்சிகை, இந்திய உபகண்டத்தின் கலைக்கும் கட்டிடங்களுக்கும் நெடுங்காலம் மேடையாக இருந்தது.

போர் முடிந்ததும் இலண்டன். அங்கே ஏ. ஏ. என்று அறியப்படும் கட்டிடக்கலைச் சங்கத்தின் பாடசாலையில் படித்தார். 1947இல் உலக நவீன கட்டிடக்கலைஞர்களின் மாநாடு இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டரில் கூடியபோது, இந்தியா, இலங்கை சார்பில் போய் உட்கார்ந்தார். அந்த வட்டாரத்தில்தான் கட்டிடக்கலைஞர் லெ கொர்பூசியேயின் நட்பு கிடைத்தது. இருவரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1948இல் போலந்தின் வ்ரொட்ஸ்வாவ் நகரில் நடந்த உலக அறிவாளர் மாநாட்டில், சேலை உடுத்த மினெட் பிக்காசோவோடு நிற்கும் படம் பின்னாளில் உலகெங்கும் சுற்றியது. அதே ஆண்டில் பிரித்தானிய அரச கட்டிடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள் அவர்.

முப்பது வயது. ஐரோப்பாவின் கதவுகள் திறந்திருந்தன. ஆனால் நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது, திரும்பி வந்து இங்கே வேலை செய் என்பது தகப்பனின் எதிர்பார்ப்பு. மினெட் கண்டிக்கு வந்தார். பெற்றோர் கட்டிய 'சென். ஜோர்ஜஸ்' வீட்டிலேயே அலுவலகம் திறந்தார். 1950இல் தகப்பன் காலமானார்.

மலைச்சரிவில் முதல் வீடு

முதல் வேலையும் குடும்பத்தின் வழியாகவே வந்தது. பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன தம்பதியினர் கண்டியில் சரிவான காணி ஒன்றில் வீடு கட்டித் தரக் கேட்டார்கள். 1949இல் தொடங்கி 1951இல் முடிந்த அந்த வீடு, இலங்கையில் ஒரு பெண் கட்டிடக்கலைஞர் வடிவமைத்த முதல் கட்டிடம் என்று பேசப்படுகிறது. சரிவை வெட்டித் தட்டையாக்காமல், மலையின் போக்கிலேயே தளங்களை மேலும் கீழுமாக அமைத்தார். ஒரு பெண்பிள்ளை கீறிய படத்தைப் பார்த்து ஒப்பந்தக்காரரும் மேஸ்திரிமாரும் சந்தேகப்பட்டார்கள். தொழிலில் கடைசிவரை அந்தச் சந்தேகத்தோடு அவர் மல்லுக்கட்டினார்.

வீட்டின் எலும்புக்கூடு நவீனம். கொங்கிரீட், விரிந்த சாளரங்கள், திறந்த கூடம். அதன் தோல் கண்டி நாட்டுடையது. சுவரில் ஓவியர் ஜோர்ஜ் கீற் தீட்டிய பெரிய சித்திரம். கதவுப் பலகைகளில் தும்பறைப் பாய் நெசவு. பழைய கோலங்கள் பதித்துச் சுட்ட களிமண் ஓடுகள். பாய் முடைபவரும் ஓடு சுடுபவரும் கட்டிட வேலையின் பங்காளிகளானார்கள். கைவினையை வீட்டுக்கு அலங்காரமாக ஒட்டாமல், கட்டுமானத்துக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்தால்தான் கைவினைஞருக்கு நிரந்தரமாக வேலை இருக்கும் என்பது அவருடைய கணக்கு.

இதில் மாத்தளைக்கும் பங்கு உண்டு. மாத்தளைக்கு அருகிலுள்ள ஹப்புவித, அரக்கு வேலைக்குப் பெயர்போன கிராமம். உருகிய வண்ண அரக்கைப் பெருவிரல் நகத்தாலேயே இழுத்து மரத்தில் கோலமிடும் நுட்பம் அங்கே பரம்பரையாக வருகிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் கண்டி நாட்டுக் கலைகள் பற்றி எழுதிய பெரிய நூலுக்குப் பிறகு இவற்றைப் புகழ்ந்து பேசியவர்கள் பலர். தட்டும் செம்பும் விசிறிக் காம்புமாக இருந்த அரக்கு வேலையைப் படிக்கட்டின் கைபிடித் தூண்களுக்குக் கொண்டுபோனவர் மினெட். 1950களின் நடுப்பகுதியில் கொழும்பு அல்பிரட் ஹவுஸ் கார்டனில் அவர் கட்டிய பீரிஸ் வீட்டில் அதைப் பார்க்கலாம். தூண்கள் மேல் நிற்கும் நவீன வீடு அது. நடுவில் பழைய வளவுகளில் இருப்பதுபோல முற்றம்.

இந்த முறைக்கு 'நவீன பிரதேசவாதக் கட்டிடக்கலை' என்று 1950களிலேயே பெயரிட்டு 'மார்க்' சஞ்சிகையில் எழுதினார். இதே கருத்தை மேற்குலக விமர்சகர்கள் ஒரு கோட்பாடாக வகுத்து விவாதித்தது 1980களில். அந்த விவாதங்களில் கண்டிப் பெண்ணின் பெயரை அன்று பெரும்பாலும் யாரும் எடுக்கவில்லை.

வட்டபுலுவவின் கேள்விக்கொத்து

அழகான வீடுகளை வசதியுள்ளவர்களுக்குக் கட்டிக்கொடுத்தவர் என்றால் மினெட்டைப் பற்றி இங்கே இவ்வளவு எழுதத் தேவையில்லை. அவருடைய பெரிய வேலை என்று நாம் கருதுவது வட்டபுலுவ. கண்டிக்கு அருகே, மகாவலி வளைந்து ஓடும் பக்கத்தில், அரசாங்க ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டம். 1950களின் பிற்பகுதியில் ஏறக்குறைய 250 வீடுகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று எல்லாரும் அயலவராகக் குடியிருக்க வந்த இடம்.

இத்தனை வீடு என்றால் வழக்கமாக என்ன நடக்கும்? ஒரே படத்தைக் கீறி, அதையே 250 முறை கட்டுவார்கள். செலவு குறைவு, கணக்கு சுலபம். மினெட் அப்படிச் செய்யவில்லை. குடிவரப் போகிறவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். கேள்விக்கொத்து ஒன்றைத் தயாரித்து அவர்களிடம் கொடுத்தார். குடும்பம் எவ்வளவு பெரியது, வருமானம் என்ன, எப்படி வாழ்ந்து பழகியிருக்கிறார்கள், புதிய வீட்டில் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் முதலில் தெரிந்துகொண்டார். கிடைத்த பதில்களை வகைப்படுத்தி, பணத்துக்கும் தேவைக்கும் ஏற்பப் பல மாதிரி வீடுகளை வரைந்தார். குடும்பங்கள் தங்களுக்குப் பொருந்தியதைத் தெரிவு செய்தன.

இன்று பல்கலைக்கழகங்களில் 'பங்கேற்பு வடிவமைப்பு' என்று பாடம் நடத்துகிறார்கள். 1950களில், கணினியும் ஆய்வுக் குழுவும் இல்லாமல், கண்டியில் ஒரு பெண் அதை 250 குடும்பங்களோடு செய்து பார்த்தார்.

கேட்காமல் கட்டிய வீடு

வட்டபுலுவவிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, ஏ-9 வீதியில் மாத்தளையைப் பிடித்து, அங்கிருந்து நக்கிள்ஸ் மலையை நோக்கித் திரும்பினால் இரத்தோட்டை. வீடமைப்பில் மினெட்டுக்கு நேர் எதிர்த் திசையில் போன வரலாறு இந்த மலைகளில் இருக்கிறது.

கோப்பிக் காலத்தில் தலைமன்னார் பக்கம் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்த தமிழ்நாட்டுச் சனங்கள் மாத்தளையில்தான் மலைநாட்டைத் தொட்டார்கள். 'மலையகம் 200' நடைபயணம் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு 2023 ஓகஸ்டில் மாத்தளையில் வந்து முடிந்ததற்குக் காரணம் அதுதான். அப்படி வந்தவர்களுக்காகத் துரைமார் கட்டியது லயம். நீண்ட ஒரே கூரை, அதன்கீழ் வரிசையாகக் காம்பரா. ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் பின்கதவும் இல்லை, காற்றும் இல்லை. தண்ணீருக்குப் பீலிக்கரை.

சில காலம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடும் ஆட்களுக்கான கூடாரமாக நினைத்துக் கட்டியது அது. கோப்பி அழிந்து தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வந்தன; ஆட்கள் திரும்பவில்லை; காம்பரா பெரிதாகவும் இல்லை. மகனுக்குக் கலியாணம் என்றால் இஸ்தோப்பை மறைத்து ஒரு படுக்கை. பேரப்பிள்ளை பிறந்தால் பின்னால் தகரத்தை இறக்கி ஒரு குசினி. எங்கள் சனங்கள் சொந்தக் கையால் செய்த இந்தத் திருத்தங்களை ஊன்றிப் பார்த்தால், அவை ஒவ்வொன்றும் யாரும் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் என்று புரியும்.

வாக்குரிமையிலும் கதை இப்படித்தான் போயிற்று. அக்னஸ் கேட்ட சர்வஜன வாக்குரிமை 1931இல் வந்தது. தோட்டத் தமிழருக்கு வதிவிட நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதை அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அதையும் பறித்தன. மினெட் இலண்டனில் தகுதி பெற்ற அதே ஆண்டில், மலையகத்தில் ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். வாக்கில்லாத சனத்திடம் வீடு எப்படி வேண்டும் என்று கேட்க எந்த அரசியல்வாதிக்கும் அவசியம் இருக்கவில்லை. வட்டபுலுவ எழுந்த காலத்தில் இரத்தோட்டை லயங்கள் இருந்தபடியே இருந்தன.

பெயர் மறைந்த காலம்

மினெட்டுக்கும் காலம் ஒத்துழைக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் தாயும் போனார். மினெட் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோரே அவருக்கு ஊக்கமும் முதல் வாடிக்கையாளரைத் தேடித் தந்த உறவு வட்டமுமாக இருந்தவர்கள். அந்தத் தூண்கள் சாய்ந்தபின் வேலை குறைந்தது, உடல்நலமும் தளர்ந்தது, நீண்ட பயணங்களில் நாட்கள் போயின. 1970களில் அலுவலகத்தை மூடிவிட்டு வெளிநாடு போனார். கட்டிடக்கலை மாணவர்கள் வேதம்போல வைத்திருக்கும் பனிஸ்டர் பிளெச்சரின் வரலாற்று நூலுக்கு ஆசியப் பகுதியைத் திருத்தி எழுதினார். பிறகு ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் ஆசியக் கட்டிடக்கலை வரலாறு கற்பித்தார்.

இதே காலத்தில் இன்னொரு பெயர் உயர்ந்தது. ஜெப்ரி பாவா, மினெட்டைவிட ஒரு வயது இளையவர். சட்டம் படித்துவிட்டுக் கட்டிடக்கலைக்குத் திரும்பி 1957இல் தகுதி பெற்றவர். அப்போது மினெட் தன் முக்கியமான வீடுகள் சிலவற்றைக் கட்டி முடித்திருந்தார். முற்றம், உள்ளூர்க் கைவினை, நிலத்தோடு இசைந்த கட்டிடம் என்று உலகம் பாவாவிடம் மெச்சியவற்றில் பல மினெட்டின் வீடுகளில் முன்னரே இருந்தவை. நம் மாத்தளை மாவட்டத்தில் பாறையை அணைத்து நிற்கும் கந்தலம ஹோட்டல் பாவாவின் பெரும் படைப்பு, 1994இல் நிறைவடைந்தது. அதைக் காண வெளிநாட்டவர் வருகிறார்கள். மினெட்டின் வீடுகளில் சிலவற்றை உடைத்தும் மாற்றியும்விட்டார்கள், 'சென். ஜோர்ஜஸ்' வீடும் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. பாவாவின் திறமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. முன்னால் நடந்தவரைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வந்தவரின் உயரமும் சரியாகத் தெரியும்.

கண்டிக்குத் திரும்பிய மினெட், 1980களில் தலதா மாளிகைக்கு அருகே கண்டிக் கலை நிலையத்தைக் கட்டினார். இலங்கைக் கட்டிடக்கலைஞர் நிறுவகம் 1996இல்தான் தனது தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அப்போது அவருக்கு 78 வயது. 1998 நவம்பர் 24ஆம் திகதி கண்டியில் காலமானார். படங்களும் கடிதங்களும் குறிப்புகளுமாக அவர் தொகுத்த தன்வரலாற்றின் முதல் பாகம் அதே ஆண்டில் வெளிவந்தது. அண்மைக் காலத்தில் ஆய்வாளர்களும் ஓவியக் கூடங்களும் அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஏழு பேர்ச்சஸில் எதைக் கேட்பது?

இப்போது மலையகத்தில் தனிவீடு வருகிறது. இந்திய உதவித் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு என்ற அளவில் அவை தொடங்கின. இருநூறு ஆண்டு காம்பராவிலிருந்து சொந்தக் காணியில் சொந்தக் கதவுக்குப் போவது சின்ன விஷயமில்லை. அதில் குறை காண்பவர் லயத்தில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கவேண்டும்.

ஆனால் அந்த 550 சதுர அடியை எப்படிப் பிரிப்பது என்று யாரிடம் கேட்கவேண்டும் என்பதில் மினெட்டுக்குச் சந்தேகமே இருந்திராது. இரத்தோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றிடம் கேள்விக்கொத்தைக் கொடுத்தால் என்னென்ன பதில் வரும் என்று நமக்கும் ஓரளவு தெரியும். விறகடுப்பு வேண்டும், காஸ் வாங்க எல்லா மாதமும் முடியாது. புகை படுக்கையறைக்கு வராதபடி குசினி காற்றின் திசை பார்த்து இருக்கவேண்டும். மிளகும் கராம்பும் காயவைக்க வெயில் விழும் முற்றம் வேண்டும். மாட்டுக்கோ ஆட்டுக்கோ தொழுவம் ஒன்று. சாமிப் படத்துக்கு ஒரு மூலை. பாடசாலைப் பிள்ளைக்கு மேசை போட வெளிச்சமான இடம். வயசான அப்பாயி ஏறி இறங்கக்கூடிய படி. மலசலகூடம் வீட்டோடு இருக்கவேண்டும் என்று பெண்கள் சொல்வார்கள். அவர்களைக் கேட்காமல் ஆண்களிடம் மட்டும் பேசினால் அது விடுபட்டுப் போகும்.

நிலத்தையும் கேட்கவேண்டும். மாத்தளை மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கணித்திருக்கிறது. மலையை நேராக வெட்டி, ஒரே மட்டத்தில் வரிசையாக வீடு வைக்கும் வழக்கத்துக்கு இந்தச் சரிவுகள் இடங்கொடா. சரிவின் போக்கிலேயே தளத்தை அமைக்கலாம் என்று 1951இல் கண்டியில் காட்டியாயிற்று.

இவற்றுக்கு மேலதிகமாகக் கோடி கோடியாகப் பணம் தேவையில்லை. ஒரு படத்துக்குப் பதில் நாலைந்து படம் கீறவேண்டும். அதிகாரி ஒருவர் தோட்டத்துக்கு வந்து, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் பெண்களையும் உட்காரவைத்து, இரண்டு மணித்தியாலம் காது கொடுக்கவேண்டும். மலையகத்துப் பிள்ளைகள் இன்று பொறியியலும் கட்டிடக்கலையும் படிக்கப் பல்கலைக்கழகம் போகிறார்கள். காம்பராவில் வளர்ந்து, அதன் குறை ஒவ்வொன்றையும் உடம்பால் அறிந்த ஒருவர் அந்தப் படத்தைக் கீறினால், மினெட்டுக்கே கிடைக்காத ஒரு தகுதி அவருக்கு இருக்கும்.

வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்கும் விழாவுக்கு அமைச்சர்கள் வருவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். எங்கள் ஊருக்கு அதைவிட முக்கியமான நாள், அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பு யாராவது ஒருவர் கேள்விக்கொத்தோடு லயத்து வாசலுக்கு வரும் நாள். அந்த நாளைக் கேட்டு வாங்குவது, இப்போது வாக்குரிமையுள்ள நம்முடைய பொறுப்பு.